ஆடாத எண்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று எடைமேடைமேல் நின்றுகொண்டிருக்க, நான் அதன் எடையைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைனஸ் நாற்பத்தொன்று புள்ளி ஆறு. காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதும் அதே மைனஸ் நாற்பத்தொன்று புள்ளி ஆறு. நேற்றும் அதுதான். யோசித்துப் பார்த்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்பத்தேழாம் எண் லாரி டிரைவருக்கு வாசித்துக் காட்டியதும் அதுதான். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் நிமிர்ந்து, எடைச்சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

பத்தொன்பது வருடமாக இந்த எடைமேடை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கல் உடைக்கும் கிரஷரிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு லாரியும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எண்களைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும்: நிஜமான எண் சும்மா இருக்காது. லாரி ஏறியதும் மேலே ஓடும், கீழே இறங்கும், பத்துக் கிலோ கூடும், பத்துக் கிலோ குறையும், டிரைவர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தால் அதற்கும் ஒரு துள்ளு துள்ளும். காலி மேடையில்கூடப் பலமாகக் காற்று அடித்தால் பத்து காட்டிவிட்டுப் பூஜ்யத்துக்குப் போகும். ஓர் எண் நாலு நாளாக ஆடாமல் அசையாமல் நிற்கிறது என்றால், ஒன்று கருவி செத்துவிட்டது, இல்லை எவனோ கையால் தட்டிவிட்டுப் போயிருக்கிறான். இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை.

அந்த மைனஸ் நாற்பத்தொன்று புள்ளி ஆறு, பொடிசின் உடம்புச் சூடு. பொடிசு என்பது ஒரு குறுங்கோளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் விண்கலம். ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவுதான் இருக்குமாம். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. ‘பொடிசு’ என்று பெயர் வைத்தது என் மகள். விண்வெளிச் செய்தி சொல்கிற செயலி ஒன்றை நடத்தும் கம்பெனியில் அவளுக்கு வேலை. இரண்டு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்து, போகாத நேர்காணல் இல்லை என்று அலுத்த பிறகு கிடைத்த வேலை. சேர்ந்த அன்றே என் கைப்பேசியில் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்து, “இதுல பத்து மணிக்கு வர்ற சேதியெல்லாம் உன் பொண்ணு எழுதறதும்மா” என்றாள். திரையில் கறுப்பு வானம், நடுவில் சூரியன், ஓரத்தில் நகரும் ஒரு மஞ்சள் புள்ளியாகப் பொடிசு. கீழே தூரம், வேகம், சூடு. அதற்கும் கீழே அன்றைய சேதி. ‘பொடிசு இன்று சூரியனுக்கு முதுகைக் காட்டித் தூங்குகிறான்.’ ‘பொடிசு நாற்பது படம் எடுத்தான், முப்பத்தொன்பதில் இருட்டு.’ எனக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும்? பெண் எழுதியது என்று படிக்க ஆரம்பித்து, ஏழு மாதத்தில் பொடிசு எங்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான்.

எங்கள் வீட்டுக்கு மட்டுமா? வரிசையில் நிற்கிற டிரைவர்கள் சீட்டு வாங்கும்போது, “அக்கா, பொடிசு சாப்ட்டானா?” என்று கேலியாகக் கேட்கத் தொடங்கி, பிறகு கேலி போய் நிஜமாகவே கேட்க ஆரம்பித்தார்கள். அதிலும் நாற்பத்தேழு ரொம்ப மோசம். இங்கே டிரைவர்களுக்குப் பெயர் கிடையாது, லாரி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் பெயர். நாற்பத்தேழு தன் மகளை வைத்துப் பொடிசுக்குக் கடிதம்கூட எழுத வைத்திருந்தான். செயலியில் அப்படி ஒரு வசதி உண்டு. குறுங்கோளில் இறங்குகிற நாளில் எல்லாக் கடிதத்தையும் பொடிசுக்கு அனுப்புவார்களாம். மூன்று வாரம் முன்பு லாரித் தொட்டியைச் சுற்றிப் புதிதாக இரும்புப் பலகை அடித்துக்கொண்டு வந்து, “எப்படிக்கா இருக்கு?” என்று காட்டினான். பின்பக்கப் பலகையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு ராக்கெட். ஜன்னலிலிருந்து தலையை நீட்டிப் பார்த்து, “கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு” என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், செயலியில் புகார் எழுதுகிற இடத்தைத் தேடிப் பிடித்து எழுதினேன். ‘ஐயா, பொடிசின் சூடு வெள்ளிக்கிழமையிலிருந்து மாறவில்லை. காற்றடித்தால்கூட எண் ஆடும். இது ஆடவில்லை. பொடிசுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?’ கால் மணி நேரத்தில் பதில் வந்தது. ‘அன்புள்ள பயனரே, உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.’ என் இணைப்புக்கு என்ன கேடு? தூரம் மட்டும் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருக்கிறதே, அது எந்த இணைப்பில் ஏறுகிறது? புதன்கிழமை மறுபடி எழுதினேன். ‘அன்புள்ள பயனரே, கைப்பேசியை ஒருமுறை அணைத்துப் போடவும்.’ போட்டேன். வியாழக்கிழமை, கொஞ்சம் காரமாகவே, நான் எடைமேடையில் வேலை செய்கிறவள், என் காதில் பூச்சுற்ற வேண்டாம் என்று எழுதினேன். ‘அன்புள்ள பயனரே, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி!’ பக்கத்தில் சிரிக்கிற ராக்கெட் படம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேள்வி கேட்டவளுக்குப் பதில் இல்லாவிட்டால் போகிறது, பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு ராக்கெட்டை அனுப்புகிறான்களே. அன்றைய பத்து மணிச் சேதி வேறு: ‘பொடிசு நலம். இறங்க இன்னும் முப்பத்திரண்டே நாள்!’

மகளுக்குப் போன் போட்டேன். “உங்க கம்பெனில புகாரைப் பார்க்கிறது எந்தப் புண்ணியவான்?” என்றேன். எப்போதும் நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கிறவள், “மீட்டிங்ல இருக்கேம்மா, ஞாயித்துக்கிழமை வர்றேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை கிரஷர் விடுமுறை. அவள் வந்தபோது நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பையை வாசலிலேயே போட்டுவிட்டு, செருப்போடு வந்து போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். பெரிய போர்வையைப் பிழிய எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். நான் ஒரு பக்கம் முறுக்க, அவள் எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும்.

“பொடிசு பேசறதில்லம்மா” என்றாள். “போன வாரம் வெள்ளிக்கிழமையோட நின்னு போச்சு. இன்னியோட ஒன்பது நாள்.”

“அப்ப தெனம் பத்து மணிக்கு நலம் நலம்னு வருதே?”

“நான்தான் எழுதறேன்.”

முறுக்கிய கை நின்றுவிட்டது. அவள் போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கலத்தை அனுப்பிய நாட்டுக்காரர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டே வரி போட்டிருக்கிறார்கள்: தொடர்பு இல்லை, முயல்கிறோம். மேனேஜர், இறங்கும் நாள் வரை அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று லட்சம் பேர் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், செத்த கலத்தைப் பார்க்க எவன் செயலியைத் திறப்பான் என்றாராம். புள்ளியும் தூரமும் எப்போதுமே கணக்குப் போட்டுக் காட்டுவதுதான், பேசினாலும் பேசாவிட்டாலும் கலம் அந்தப் பாதையில்தான் போகும், அதனால் அது பொய் ஆகாதாம். சூடு மட்டும்தான் கலம் சொல்லி வர வேண்டிய எண். அது வராததால் கடைசியாக வந்ததையே விட்டுவைத்திருக்கிறார்கள்.

“நீ எழுதின மூணு புகாரும் என் டேபிளுக்குத்தான் வந்துச்சு” என்றாள். “பேர் இல்லன்னாலும் தெரியாதா? காத்தடிச்சாக்கூட எண் ஆடும்னு எழுதறவ உலகத்துலயே ஒருத்திதான்.”

“அந்த ராக்கெட்டு?”

“ரெடிமேட் பதில்மா. பட்டனை அழுத்தினா போயிடும்.”

“நீயா அழுத்தின? எனக்கா? அன்புள்ள பயனரேன்னு எனக்கா அனுப்பின?”

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ கத்தினேன். ஒன்பது நாளாகப் பேச்சு மூச்சு இல்லாமல் கிடக்கிறவனைத் தூங்குகிறான், விளையாடுகிறான் என்று எழுத எப்படிக் கை வந்தது என்றேன். பச்சைப் பிள்ளைகள் கடிதம் எழுதியிருக்கிறார்கள், அவர்கள் கண்ணிலா மண்ணைத் தூவுகிறீர்கள் என்றேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து எடைமேடை அறையில் உட்கார்ந்து பாடம் எழுதின பெண்தானே நீ, மேடை காட்டாத எண்ணை உன் அம்மா ஒருநாளாவது சீட்டில் அடித்து நீ பார்த்திருக்கிறாயா என்றேன். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து, உடனே மூடிக்கொண்டது.

“அடுத்த மாசம் என்னை நிரந்தரம் பண்ணப் போறாங்கம்மா” என்றாள், குரலை உயர்த்தாமல். “இப்ப வாயைத் திறந்தா மறுநாளே வீட்டுக்குப் போன்னுடுவாங்க. ரெண்டு வருஷம் நான் உக்காந்திருந்தது உனக்குத்தான் தெரியுமே.”

“தெரியும். அதுக்காக?”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நாற்பத்தேழுக்குக் காலி எடை கடைசியா எப்ப போட்ட?”

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரி காலியாக உள்ளே வரும்போது ஒருமுறை எடை போட வேண்டும், ஜல்லி ஏற்றி வெளியே போகும்போது ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஜல்லி. ஆனால் காலையில் முப்பது லாரி ஒன்றாக வந்து நிற்கும்போது, தினமும் வருகிற லாரியை யாரும் காலியாக மேடையேற்றுவதில்லை. கையைக் காட்டுவார்கள், நானும் கையைக் காட்டுவேன், உள்ளே போய்விடுவார்கள். அவர்களுடைய பழைய காலி எடை கம்ப்யூட்டரில் கிடக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே மட்டுமில்லை, நான் அறிந்து எல்லா மேடையிலும் அப்படித்தான்.

“அது வேற” என்றேன்.

“எப்படி வேற?”

“பன்னெண்டு வருஷமா வர்ற லாரி. அது எடை எனக்குத் தெரியாதா?”

“எங்க மேனேஜரும் இதையேதான்மா சொல்றாரு. ஏழு மாசமா பார்க்கிற கலம், அது எங்க எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதாங்கறாரு.”

போர்வையிலிருந்து தண்ணீர் இரண்டு பேர் காலிலும் சொட்டிக்கொண்டிருந்தது. முனையை விட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம், ஆனால் விட்டால் துவைத்த போர்வை மண்ணில் விழும். அவளும் விடவில்லை. மிச்சத்தையும் முறுக்கிப் பிழிந்து, கொடியில் விரித்துப் போட்டோம். மத்தியானம் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், நாலு மணி பஸ்ஸுக்குப் போகிறவள் இரண்டு மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள். அவள் போன பிறகு, ஈரப் போர்வையைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து, வாயாடி, வளர்த்த லட்சணம் என்று அவளைத் திட்டித் தீர்த்தேன். திட்டத் திட்ட நாற்பத்தேழின் புதுப் பலகைதான் கண்முன்னால் வந்து நின்றது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு முதல் ஆளாக நாற்பத்தேழுதான் வந்தான். வழக்கம்போல் கையைக் காட்டினான். நான் காட்டவில்லை.

“மேடையில ஏத்து தம்பி.”

“காலியாத்தான்க்கா போறேன்.”

“தெரியுது. ஏத்து.”

அவன் முகம் மாறிவிட்டது. “என்னக்கா, என் மேல சந்தேகமா?” என்றான். “என் மேலதான் சந்தேகம், ஏத்துப்பா” என்றேன். லாரி முனகிக்கொண்டு ஏறியது. கம்ப்யூட்டரில் கிடந்த காலி எடை ஒன்பதாயிரத்து எண்ணூற்று இருபது. எண் அதைத் தாண்டி ஓடியது. பத்தாயிரத்து நூறு, பத்தாயிரத்து எண்பது, கொஞ்சம் துள்ளிப் பத்தாயிரத்துத் தொண்ணூறில் நின்றது. இருநூற்று எழுபது கிலோ. மூன்று வாரமாக, ஒரு நாளைக்கு நாலு நடை. வீடு கட்டுகிற எவனோ ஜல்லி என்று நினைத்து ஒவ்வொரு நடையிலும் நாற்பத்தேழின் பலகையையும் அதன்மேல் இருக்கும் ராக்கெட்டையும் சேர்த்து வாங்கியிருக்கிறான். சீட்டில் என் கையெழுத்து. எவனும் என்னை மிரட்டவில்லை, எந்த மேனேஜரும் என் தலைக்குமேல் நிற்கவில்லை. பலகையைப் பார்த்தேன், அழகு என்று சொன்னேன், சொல்லிவிட்டு அதே நிமிடம் பழைய எண்ணின் பட்டனை அழுத்தினேன். எனக்கு என்னை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

பின்னால் வந்த லாரியையும் ஏற்றினேன். அதற்குப் பின்னால் வந்ததையும். ஏழு மணிக்குள் வரிசை ரோட்டைத் தொட்டு, ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. முதலாளி போனில் கத்தினார். “என்னம்மா நடக்குது அங்க? வண்டியெல்லாம் ரோட்டுல நிக்குதாமே!”

“எல்லா வண்டிக்கும் காலி எடை போடறேங்க.”

“இன்னைக்கு என்ன புதுசா?”

“இன்னைக்காவது போடணும்ல” என்றேன். அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த லாரி ஏறிவிட்டது என்று வைத்துவிட்டேன். இதுவரை நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. இடையில் ஒரு நிமிடம் கிடைத்தபோது, நாற்பத்தேழின் பழைய எடையும் புது எடையும் இருந்த திரையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ‘நீ கேட்டது சரிதான்’ என்று மட்டும் எழுதினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது.

ஜல்லி ஏற்றிக்கொண்டு, அந்த நெரிசலில் காத்துக் கிடந்து நாற்பத்தேழு மேடைக்குத் திரும்பி வரும்போது மணி பத்து ஆகியிருந்தது. சீட்டில் புது எடையை அடித்தேன். அவன் அதை வாங்கிப் பார்த்து, தலையைச் சொறிந்தான். “எனக்கே தோணலக்கா, பலகை இவ்வளவு கனம் இருக்கும்னு” என்றான். பிறகு, கோபம் போய்விட்டது என்பதைக் காட்டத்தானோ என்னவோ, “பொடிசு என்ன சொல்றான்?” என்று கேட்டான்.

பத்து மணிக்கு வருகிற கிணுகிணு சத்தம் வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பத்து ஐந்து. செயலியைத் திறந்தேன். மஞ்சள் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. தூரம் ஏறிக்கொண்டிருந்தது. சூடு இருந்த இடத்தில் எண் இல்லை, ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. அதன் கீழே, ராக்கெட்டும் இல்லாமல் ஆச்சரியக்குறியும் இல்லாமல் ஒரே வரி. ‘பொடிசு கடைசியாகப் பேசிப் பத்து நாள் ஆகிறது. இந்தப் பக்கத்தில் அதன் பிறகு வந்த சேதிகள் அவன் சொன்னவை அல்ல, நான் எழுதியவை.’

மகளை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அழைத்தேன். முதல் மணியிலேயே யாரோ துண்டித்தார்கள். அவளா, வேறு யாராவது அவள் கையிலிருந்து வாங்கியா என்று தெரியவில்லை. கைப்பேசியை ஜன்னல் வழியாக நாற்பத்தேழிடம் நீட்டினேன். அவன் உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தான். இரண்டாம் முறையும் படித்தான்.

“பத்து நாளாவா?” என்றான். “முந்தாநேத்துகூட நல்லா இருக்கான்னு வந்துச்சே. என் பொண்ணுகிட்ட நான்தானே படிச்சுக் காட்டினேன்.” சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “இதெல்லாம் உங்க பொண்ணு எழுதறதுன்னு சொல்வீங்களேக்கா?”

“ஆமா” என்றேன். “அதெல்லாம் அவ எழுதினதுதான். இதுவும் அவ எழுதினதுதான்.”

அவன் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான். பின்பலகையில் மஞ்சள் ராக்கெட் புழுதிக்குள் மங்கிக்கொண்டே போனது. கைப்பேசியை ஜன்னல் விளிம்பில், திரை மேலே தெரியும்படி வைத்தேன். அடுத்த லாரி காலியாக மேடையில் ஏறி, ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி நின்றது. சிவப்பு எண் ஓடியது. எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, எண்பது, எழுபது, தொண்ணூறு. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எண்பது, எழுபது, எண்பது. பட்டன்மேல் வைத்த விரலை எடுத்துவிட்டு, எண் அடங்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.